மாத்திரை போதையை நிறுத்த: வீடா, வார்டா, மையமா?

போன மழைக்காலத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் கடைக்கு வந்து, கூட்டம் குறையும்வரை ஓரமாகவே நின்றார். அப்புறம் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து கவுன்டரில் வைத்தார். டேபென்டடால், கடும் வலிக்கான மாத்திரை. பாத்ரூம் வென்டிலேட்டர் திட்டில் கிடைத்ததாம், கூடவே ஒரு சிரிஞ்சும். மகனுக்கு 22 வயது.

"தம்பி, இத விட வைக்க எங்க சேக்கறது? வீட்லயே வெச்சுப் பாத்துக்கலாமா?"

நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி அதற்கு முன்னும் பின்னும் பலமுறை என் கவுன்டருக்கு வந்திருக்கிறது. கேட்பவர்கள் ஏற்கெனவே நாலு பேரிடம் கேட்டுக் குழம்பித்தான் வருகிறார்கள். 'ரூமில் போட்டுப் பூட்டு, மூணு நாளில் சரியாயிடும்' என்று சித்தப்பா சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மீட்பு மையத்தின் விசிட்டிங் கார்டைக் கொடுத்திருப்பார். செல்போனில் தேடினால் 'மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் விடுதலை' என்று வரும். அரசு மருத்துவமனை என்றால், 'அங்கெல்லாம் யார் பார்ப்பா' என்ற சலிப்பு. இவை அனைத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

இங்கே பேசுவது ஓப்பியாய்டு வகை மட்டும்: அபின், ஹெராயின், கோடீன் இருமல் மருந்து, டிரமடால், டேபென்டடால் போன்றவை. 2019-இல் வெளியான மத்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் இவற்றைப் பயன்படுத்துவதாகவும், அதில் ஏறக்குறைய 77 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் சொன்னது. பஞ்சாப், மணிப்பூர் என்றால் ஹெராயின் நினைவுக்கு வரும். நம் ஊரில் இது பெரும்பாலும் வலி மாத்திரையாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்

ஹெராயின் போன்ற சீக்கிரம் இறங்கும் சரக்கு என்றால், கடைசி டோஸிலிருந்து 8 முதல் 12 மணி நேரத்தில் ஆரம்பிக்கும். முதலில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் நீர். பார்ப்பவர்கள் ஜலதோஷம் என்றே நினைப்பார்கள். பிறகு உடம்பெல்லாம் புல்லரித்து, உரித்த கோழித் தோல்போல ஆகும். எலும்புக்குள் வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி, வியர்வை. தூக்கம் சுத்தமாக இருக்காது. கால் ஒரு இடத்தில் நிற்காது. அந்தப் பையன் விடிய விடிய சுவரில் காலைத் தேய்த்துக்கொண்டே கிடந்ததில் சுண்ணாம்பு உதிர்ந்து பாயெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்றார் அக்கா. இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கும். தூக்கமின்மையும் ஆசையும் மாதக்கணக்கில் இழுக்கும்.

திடகாத்திரமான ஆளுக்கு இது நரகம்தான், ஆனால் இதனால் மட்டுமே உயிர் போவது அரிது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்து உடம்பு வறண்டால் கதை வேறு. குடியையும் தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்துவதோ இன்னொரு வகை. அதில் வலிப்பு வரும், உயிரே போகும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

எதை வைத்துத் தீர்மானிப்பது

ஒன்று, உடம்பில் என்னென்ன இருக்கிறது? டேபென்டடால் போடுகிறவன் கூடவே நைட்ரசெபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை போட்டிருக்கலாம், குடித்திருக்கலாம். பையனிடம் கேட்டால் பாதிதான் வரும். அட்டைகளைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

இரண்டு, ராத்திரி யார் இருப்பார்கள்? பகலில் எல்லோரும் இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுக்கும்போது விழித்திருந்து, ஆட்டோ கூப்பிட்டு ஓடக்கூடிய ஆள் வீட்டில் உண்டா?

மூன்று, அவனுக்கு விருப்பம் உண்டா? பாதி மனசாக இருந்தாலும் போதும். சுத்தமாக இல்லையென்றால் வழிகள் குறையும்.

நான்கு, பதினோராம் நாள், அதாவது உடம்பு அடங்கிய பிறகு, என்ன? இதற்கு நான் மற்ற மூன்றையும் சேர்த்த எடை போடுவேன். காரணம் இதுதான். சில நாள் நிறுத்தினாலே உடம்பு பழைய டோஸைத் தாங்கும் சக்தியை இழக்கத் தொடங்கும். பழைய பழக்கத்தில் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். லண்டனில் மருத்துவமனையில் தங்கி டீடாக்ஸ் (உடம்பிலிருந்து போதையை இறக்கும் சிகிச்சை) செய்துகொண்ட 137 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. முதல் நான்கு மாதத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே சிகிச்சையை ஒழுங்காக முடித்த 37 பேரைச் சேர்ந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்களில் ஒருவரும் அப்படி இறக்கவில்லை. 'முடிச்சுட்டு வந்துட்டான், இனி கவலையில்லை' என்று குடும்பம் மூச்சு விடும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லில் வராத செலவுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வீட்டிலேயே, டாக்டர் பார்வையில்

மனநல மருத்துவரிடம் ஓ.பி.யில் காட்டி, மருந்தை வாங்கி வந்து வீட்டில் கொடுப்பது. வழக்கமாக எழுதுவது குளோனிடின். அது வியர்வை, படபடப்பு, நடுக்கத்தைத் தணிக்கும், ஆனால் பி.பி.யை இறக்கும். ஒவ்வொரு வேளைக்கும் முன் பி.பி. பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வயிறு போய் வறண்டு கிடப்பவன் சடாரென்று எழுந்தால் மயங்கி விழுவான். இதோடு வாந்திக்கும் பேதிக்கும் வலிக்கும் தனித்தனி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். கரைசல்.

ஓப்பியாய்டு மட்டும், அதுவும் ஊசி இல்லாமல் வாயால், சில மாதப் பழக்கம், தானே வந்து 'விடணும்' என்கிறான், வீட்டில் நிதானமான ஒரு ஆள் பத்து நாள் லீவு போட முடியும் என்றால் இந்த வழி பொருந்தும். தூக்க மாத்திரையோ குடியோ கலந்திருந்தால், வலிப்பு வந்த வரலாறு இருந்தால் வேண்டாம். கர்ப்பிணி என்றால் இதை யோசிக்கவே வேண்டாம். அதற்குக் கீழே வருகிறேன்.

பார்ப்பதற்குச் சல்லிசு. ஆனால் காவல் இருப்பவரின் பத்து நாள் சம்பளம், தூக்கம், அக்கம்பக்கத்துக்குச் சொல்லும் பொய் இதெல்லாம் கணக்கில் வரும். எல்லாவற்றுக்கும் மேல், அவன் செல்போனும் நண்பர்களும் அதே தெருவில்தான். உச்ச வலி வரும் மூன்றாம் நாள் ஜன்னல் வழியாக ஒரு அட்டை கைமாறினால் எல்லாம் முதலிலிருந்து. சித்தப்பா சொல்லும் பூட்டு வைத்தியம் இந்த வகையில் சேராது. அது வெறும் பூட்டு.

அரசு மருத்துவமனை வார்டு

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, மாவட்டத் தலைமை மருத்துவமனை, சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளிலேயே தமிழக அரசு திறந்தது. மருந்துக்கும் படுக்கைக்கும் காசில்லை.

இங்கே கிடைப்பது, வீட்டில் எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காதது: ராத்திரி டியூட்டி டாக்டர், பக்கத்திலேயே ஐ.சி.யூ., ரத்தப் பரிசோதனை. ஊசி போட்டவன் என்றால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் பார்த்தே ஆக வேண்டும். வாயில் போட வேண்டிய மாத்திரையை ஊசியில் ஏற்றினால் அதிலுள்ள மாவும் சேர்ந்து ரத்தத்தில் போகும். நரம்பு அடைக்கும், சீழ் வைக்கும், நுரையீரல்வரை போய் உட்காரும். அந்தக் கையைப் பார்க்க சர்ஜரி டாக்டர் அதே வளாகத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை. நாடித்துடிப்பு, கண்மணி அளவு, கொட்டாவி, புல்லரிப்பு என்று 11 விஷயங்களுக்கு மார்க் போடும் 'காவ்ஸ்' என்ற தாள் ஒன்று உண்டு. அதில் வரும் எண்ணை வைத்து மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள். குத்துமதிப்பு குறையும்.

சங்கடங்களும் உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுக்கு நிற்க வேண்டும். கூட ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்பார்கள். அட்டெண்டரின் கூலி போகும், சாப்பாட்டுச் செலவு வரும். கவுன்சலிங் டாக்டரைப் பொறுத்து, கூட்டத்தைப் பொறுத்து அமையும். 'போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ' என்பது எல்லோரும் காதோடு கேட்கும் கேள்வி. சிகிச்சைக்கு வருபவனை வழக்கில் மாட்டிவிடுவது ஆஸ்பத்திரியின் வேலை இல்லை. ஏற்கெனவே பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் விலக்கு பெறலாம் என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவே சொல்கிறது. இந்தப் பயத்தால் வராமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பல சரக்கு கலந்தவன், ஊசி போடுகிறவன், வேறு நோய் உள்ளவன் என்றால் என் முதல் பதில் இதுதான்.

தனியார் மனநல மருத்துவமனை

மருத்துவம் அதேதான். தனி அறை கிடைக்கும், வரிசை இல்லை, வெளியே தெரியாது. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். பாலிசிகளில் உள்ள நிலையான விலக்குகளில் 12-ஆவது, குடி, போதைப் பழக்கம், அவற்றின் விளைவுகளுக்கான சிகிச்சை. பாலிசித் தாளில் 'எக்ஸ்க்ளூஷன் 12' என்று தேடிப் பாருங்கள். கையில் காசு இருந்து, வேலைக்குத் தெரியக்கூடாது என்றால் சரி. பத்து நாள் அறை வாடகையில் மொத்தத்தையும் கரைத்துவிட்டு, பிறகு ஒரு வருடம் மாதாமாதம் டாக்டரைப் பார்க்கக் காசில்லை என்றால் அது தப்புக் கணக்கு.

மீட்பு மையம்

இங்கேதான் நெல்லும் பதரும் ஒரே மூட்டையில் இருக்கின்றன. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஆர்.சி.ஏ. என்ற மறுவாழ்வு மையங்கள் உண்டு, காசு வாங்கக் கூடாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை மாதிரி, டாக்டரும் ஆலோசகரும் குடும்பத்துக்கான வகுப்புமாக நடக்கிற இடங்களும் உண்டு. அப்புறம், வாடகை வீட்டில் கிரில் கதவு போட்டு, முன்னாள் குடிநோயாளி ஒருவர் நடத்துகிற இடங்களும் உண்டு.

அப்படி ஓரிடத்துக்குச் சொந்தக்காரப் பையனைப் பார்க்கப் போயிருக்கிறேன். ஹாலில் முப்பது பாய். சுவரில் அட்டவணை: ஐந்தரைக்கு எழுப்புதல், யோகா, 'ஷேரிங்'. எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தது. பி.பி. பார்க்கிற கருவி எங்கே என்று கேட்டேன். ஒருவர் உள்ளே போய்த் தேடிக்கொண்டு வந்தார். கையில் சுற்றும் பட்டையில் காற்று நிற்கவில்லை. ராத்திரி வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, "அதெல்லாம் வராது சார், நாங்க பாத்துக்குவோம்" என்றார்கள். அன்றே பையனைக் கூட்டி வந்துவிட்டோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பிரச்சினைக்கும் பொருந்தும். இத்தகைய இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலி போடுவது குற்றம். விருப்பமில்லாதவனைச் சேர்க்கவே முடியாது என்பதும் இல்லை: 89-ஆவது பிரிவின்படி, அவன் நிலைமை அந்த அளவுக்கு மோசம் என்று ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னால், நியமனப் பிரதிநிதி (அவன் சார்பில் முடிவெடுக்க உதவுபவர்) கொடுக்கும் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள்வரை வைத்திருக்கலாம். 'வண்டி அனுப்பறோம், நாலு பசங்க வந்து தூக்கிட்டு வந்துருவாங்க' என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போனில் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார்? முதல் பத்து நாள் வலிக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள்? மூன்றாவதற்கு 'மருந்தே கிடையாது, மன உறுதிதான்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

நல்ல மையத்தின் பலம் டீடாக்ஸில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் மாதங்களில். வீட்டுச் சூழல் சரியில்லாதவன், நண்பர் வட்டம் முழுக்க அதே தொழில், முன்பு இரண்டு முறை விட்டுத் திரும்பியவன், இவர்களுக்கு வார்டில் டீடாக்ஸ் முடித்து இங்கே தங்குவது நன்றாக வேலை செய்யும். நேரடியாக இங்கே ஆரம்பிப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

மயக்கத்தில் ஒரே நாளில்

மயக்க மருந்து கொடுத்து, ஓப்பியாய்டைத் துரத்தும் மருந்தை மொத்தமாக ஏற்றி, வலியைத் தூக்கத்திலேயே கடத்துவது என்பது திட்டம். அமெரிக்காவில் 106 பேரை வைத்து நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், விழித்தெழுந்த பிறகு இவர்களின் அவஸ்தை மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் வந்ததும் மயக்கக் குழுவில்தான். 2012-இல் நியூயார்க்கில் ஒரு கிளினிக்கில் இதைச் செய்துகொண்ட 75 பேரில் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். யாருக்குப் பொருந்தும் என்று எழுத இடம் விட்டுப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

பதில் மருந்தோடு தொடர்வது

இதை நினைத்துப் பார்க்கவே பல குடும்பங்கள் மறுக்கும். 'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?' என்பார்கள். அக்காவும் அதைத்தான் கேட்டார்.

பியூப்ரனார்பின் என்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. பஸ் நிற்கும் முன்னே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதுபோல மூளையில் ஓப்பியாய்டு உட்காரும் இடங்களை இது பிடித்துக்கொள்ளும். ஆனால் பாதி ஆள்தான் உட்காரும். அதனால் வலியும் ஆசையும் அடங்கும். ஒரு அளவுக்குமேல் ஏறாது. மேலே மாத்திரை போட்டாலும் உட்கார இடமிருக்காது. ஒரே எச்சரிக்கை, ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும்போது இது வந்தால் அவரைத் தள்ளிவிட்டு உட்காரும். சீக்கிரமே கடும் வலி கிளம்பும். அதனால்தான் கடைசி டோஸுக்குப் பின் 12 மணி நேரம் அல்லது அதற்கு மேல், வலி தெரியத் தொடங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். எப்போது போட்டான் என்பதில் பொய் சொன்னால் அனுபவிப்பது அவன்தான். நால்ட்ரெக்சோன் என்று இன்னொன்று இருக்கிறது. அது வெறும் துண்டு மட்டும். ஆள் உட்காராது, யாரையும் உட்கார விடாது. அதை ஆரம்பிக்க ஏழு முதல் பத்து நாள் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும். தினமும் விழுங்க வைக்க ஒருவர் வேண்டும். தானே உறுதியாக இருப்பவனுக்கு நல்ல மருந்து, மற்றவர்கள் நாலாம் நாளே மறந்துவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஸ்வீடனில் 2003-இல் வெளியான ஆய்வில் 40 பேர். 20 பேருக்கு ஒரு வருடம் பியூப்ரனார்பின். மற்ற 20 பேருக்கு ஆறு நாளில் குறைத்து நிறுத்திவிட்டு ஆலோசனை மட்டும். வருட முடிவில் முதல் குழுவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாம் குழுவில் ஒருவர்கூட இல்லை, நாலு பேர் இறந்திருந்தார்கள். அமெரிக்காவில் வலி மாத்திரைக்கு அடிமையான 653 பேரிடம் செய்து பார்த்தபோது, சீக்கிரம் குறைத்து நிறுத்தியதில் 6.6 சதவீதம் பேர்தான் தேறினார்கள். மருந்து ஓடிக்கொண்டிருந்த 12 வாரத்தில் பாதிப் பேர் நன்றாக இருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் மறுபடி சரிந்தது. உலக சுகாதார நிறுவனம் இதையும், இதேபோன்ற இன்னொரு பதில் மருந்தான மெதடோனையும் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அது பரிந்துரைப்பதும் இந்த வழியைத்தான், டீடாக்ஸை இல்லை.

சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மாத்திரை போடும் அப்பாவிடம் 'எப்போ நிறுத்துவீங்க' என்று நாம் கேட்பதில்லை.

இதன் மறைமுக விலை வேறு மாதிரி. இந்த மாத்திரை என் கடையிலோ வேறு மருந்துக்கடையிலோ கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற சிகிச்சை மையத்தில்தான் கொடுப்பார்கள். ஊசி போடுபவர்களுக்காக நாகோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) நடத்தும் ஓ.எஸ்.டி. என்ற பதில் மருந்து மையத்தில் காசில்லை, ஆனால் தினமும் நேரில் போய், நர்ஸ் முன்னால் போட வேண்டும். காலை ஷிப்ட் வேலைக்காரனுக்கு அது பெரிய இடைஞ்சல். சில மருத்துவமனைகள், ஆள் நிலைத்தபின் வாரக் கணக்கில் கையில் தருகின்றன. மலச்சிக்கல் வரும். தூக்க மாத்திரையோ குடியோ சேர்த்தால் மூச்சுக்கு ஆபத்து. நிறுத்தும்போது மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும், மாதங்கள் பிடிக்கும். எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று 14446 என்ற இலவச எண்ணிலும், ஓ.எஸ்.டி. மையம் எங்கே என்று 1097-லும் கேட்கலாம்.

ஊசி, ஹெராயின், பல வருடப் பழக்கம், முன்பு விட்டுத் திரும்பியவன் என்றால் டீடாக்ஸைப் பற்றி யோசிக்கும் முன் இதை டாக்டரிடம் கேளுங்கள். நான்காவது கேள்விக்குப் பதில் உள்ளேயே இருக்கும் ஒரே வழி இது.

அக்கா கடைசியில் அரசு வார்டைத்தான் தேர்ந்தெடுத்தார். மகனுக்கு நைட்ரசெபாமும் பழக்கம் என்பது அட்மிஷன் அன்றுதான் தெரிந்தது; அதைத் தனியாக மெல்ல மெல்லக் குறைத்தார்கள். ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ், பியூப்ரனார்பினோடு. நடுவில் ஒருமுறை சறுக்கினான், மறுபடி போனான். இப்போது மாத்திரை அக்கா கையில். தினமும் காலை காபிக்கு முன் அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவான். கரைய ஐந்து, பத்து நிமிடம் ஆகும், அதுவரை எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. "அந்தப் பத்து நிமிசம் நான் என்ன திட்டுனாலும் எதுத்துப் பேச மாட்டான் தம்பி" என்றார் அக்கா. "நாள் பூரா சேத்து வெச்சு அப்பத்தான் எல்லாத்தையும் கேக்கறது."